மலைநாட்டில் ஓர் அலங்காரப் பனை

யாழ்ப்பாணத்தில் வேலியோரமெங்கும் எண்ணிறந்து நிற்கும் பனை, மத்திய மலைநாட்டிற் காட்சிக்குரிய அருமரமாக வைத்து வளர்க்கப்பட்டது. 1821இல் அலெக்சாண்டர் மூன் தோற்றுவித்த பேராதனைத் தாவரவியற் பூங்காவில், ஹென்றி ட்ரைமன் பணிப்பாளராயிருந்த 1887ஆம் ஆண்டிற் பனைமர வீதியொன்று நடப்பட்டது. பயனுக்கன்றி அழகுக்கென்றே பனை வளர்த்தமை வடபுலத்தார்க்கு வேடிக்கையாகவும் தோன்றலாம்.

அவ்வாறு வளர்த்தல் எளிதன்று. பனங்கொட்டையின் முளை முதலில் மண்ணுள் ஆழ இறங்கியே கிழங்காகின்றது. ஒடியலுக்கு ஆதாரமான கிழங்கு அதுவே. அதனாற் கன்றைப் பெயர்த்து வேறிடத்தில் நடுதல் பெரும்பாலும் பயன் தராது. மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைத்தல் வேண்டும். வடலியாகிப் பாளை தள்ளப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். ஆண்பனையோ பெண்பனையோ என்பதும் அப்பொழுதே தெரியவரும்.

பேராதனை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 அடி உயரத்திலுள்ளது. 1884இற் புகையிரதம் எட்டிய ஹட்டனோ 4,000 அடிக்கும் மேற்பட்டது. வெயிலை விரும்பும் பனைக்கு அக்குளிரும் ஓயாத மழையும் ஒவ்வா. அங்குள்ள பள்ளத்தாக்குகளில் இயல்பாக வளரும் பனையினம் கித்துளே. இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பனைவளச் சீமைகளிலிருந்து முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக வந்த மக்கள், பனங்கருப்பட்டியை விட்டுக் கித்துட் கருப்பட்டியைச் சுவைக்கப் பழகினர்.

எனினும், குளிரை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. நெடுங்காலம் காத்திருந்து மரம் வளர்ப்பதற்கு நிலம் தன்னுடையதாயிருத்தல் வேண்டும். துரைமாரின் பங்களா முற்றங்களில் அயல்நாட்டு அலங்கார மரங்கள் வேரூன்றின. லயன் அறையும் அதன் பின்புறத்துக் கீரைப்பாத்தியும் தோட்ட நிருவாகத்துக்கே உரியனவாயிருந்தன. அங்கே ஆண்டுக்குள் பலன் தரும் பயிரையன்றி எதனை நம்பி நடுவது?

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. பனை நாட்டுக்குத் திரும்பியோர் அனைவரும் பனைநிழலைச் சேர்ந்தாரல்லர். அவர்களுட் பலருக்குத் தமிழ்நாட்டரசு 1968 முதல் நீலகிரியிற் புதிதாக அமைத்த தேயிலைத் தோட்டங்களிலேயே வேலை கிடைத்தது. குன்னூரும் கோத்தகிரியும் ஹட்டனைவிட உயர்ந்தவை. அங்கும் பனை வளர்வதில்லை.