இலங்கை உள்நாட்டுப் போர்: வெற்றி தோல்விக் காரணங்கள்

இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 1983இல் மூண்ட போர், 2009 மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் புலிகளின் தோல்வியோடு முடிந்தது. 2002 போர்நிறுத்தக் காலத்தில் வடகிழக்கில் பரந்த நிலப்பரப்பை ஆண்ட புலிகளின் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. 2004 மார்ச்சில் தளபதி கருணா பிரிந்ததால் கிழக்கு மாகாணப் படையணிகள் சிதறின. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை, புலம்பெயர்ந்தோரிடம் நிதி திரட்டுவதைக் கடினமாக்கியது. 2007இல் புலிகளின் ஆயுதக் கப்பல்களை இலங்கைக் கடற்படை ஆழ்கடலில் மூழ்கடித்தது. சீனா, பாகிஸ்தானிடம் ஆயுதம் வாங்கிய அரசு, படையைப் பெருக்கிப் பல முனைகளில் ஒரேநேரத்தில் முன்னேறியது. ஆள்பலம் குன்றிய புலிகளோ கட்டாய ஆள்சேர்ப்பால் மக்களின் மனக்கசப்புக்கு ஆளாயினர். 2009 ஜனவரி 2இல் புலிகளின் நிர்வாக மையமான கிளிநொச்சி வீழ்ந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் கூறியது.