இயக்க நரம்பணு நோயில் ஆயுள் கணிப்பு: சென்னை வகையும் தென்மாவட்ட நோயரும்

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் மடிந்து, கை, கால், நாக்கு, தொண்டை, இறுதியில் மூச்சுத் தசைகள் என ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகும் ஏ.எல்.எஸ். என்னும் இயக்க நரம்பணு நோயைப் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ 1869-இல் விவரித்தார். நோய் தொடங்கி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே ஆயுள் என்பது மேலைநாட்டு நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த கணக்கு.

அக்கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கான வலுவான சான்று தமிழகத்திலிருந்தே கிடைத்தது. சென்னையில் இளவயதினரிடம் கண்ட இயக்க நரம்பணு நோயின் போக்கை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் பதிவு செய்தனர். பெரும்பாலும் முப்பது வயதுக்குள் தொடங்கி, கைகால்கள் மெலிந்து, முகமும் நாக்கும் தளர்ந்து, பலருக்குச் செவிப்புலனும் குன்றும் இந்நோய் ‘சென்னை வகை’ எனப் பெயர் பெற்றது. நாக்கும் தொண்டையும் முதலில் தளர்வது ஏ.எல்.எஸ். நோயருக்குக் குறுகிய ஆயுளின் அடையாளம். சென்னை வகையிலோ அதே தளர்ச்சி இருந்தும் நோய் மெல்ல நகர்வதால் பலர் பல்லாண்டுகள் வாழ்கின்றனர். ஓர் அறிகுறியை மட்டும் வைத்து ஆயுளைச் சொல்லலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் முப்பதாண்டுகளில் சிகிச்சை பெற்ற 1,153 ஏ.எல்.எஸ். நோயரைப் பற்றி நளினி குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தொடங்கிய சராசரி வயது 46 ஆகவும், இடைநிலை ஆயுள் ஏறத்தாழ 115 மாதங்களாகவும் இருந்தன. இளம் வயதில் தொடங்குவது நீண்ட ஆயுளுக்கு அறிகுறி என்பதால், மேலைநாட்டுக் கணக்கிலிருந்து இது வேறுபடுவதன் ஒரு பகுதி விளங்குகிறது. தொலைவிலிருந்து வருவோர் பாதியில் வருகையை நிறுத்திவிடும் மருத்துவமனைக் கணக்குகளில் ஆயுள் கூடுதலாகத் தெரிய இடமுண்டு என்பதையும் மறக்கலாகாது.

ஐரோப்பாவின் 14 மையங்களைச் சேர்ந்த 11,475 நோயரின் தரவுகளைக் கொண்டு 2018-இல் உருவான கணிப்புமுறை எட்டுக் காரணிகளைக் கொண்டது. தொடங்கிய வயதும் உறுப்பும், நோய் மோசமாகும் வேகம், நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை முழு விசையுடன் ஊதவைத்து அளக்கும் நுரையீரல் கொள்ளளவு, உடன்வரும் மறதி நோய், ஒரு மரபணு மாற்றம் ஆகியன அவற்றுள் அடங்கும். அறிகுறி தோன்றியதற்கும் நோய் உறுதியானதற்கும் இடைப்பட்ட காலம் நீண்டிருந்தால் ஆயுளும் நீளும் என்பது அவற்றுள் வியப்பளிப்பது. தாமதம் ஆயுளைத் தருவதில்லை; மெல்ல நகரும் நோய் தாமதமாகவே பிடிபடுகிறது என்பதே அதன் பொருள்.

விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இத்தாமதக் காரணியை அப்படியே ஏற்பது பிழையாகும். நூற்பாலையில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டும் தொழிலாளிக்கு விரல் பிடி தளர்ந்தால், முதலில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றோ சத்துக்குறைவு என்றோ மருந்து வாங்குவதும், வேலைநாள் கூலியை இழந்து எழுபது எண்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுவதும் எளிதில் நேரக்கூடியவை. அங்கே தாமதம் நோயின் வேகத்தைக் காட்டாது. சாலையின் நீளத்தையும் வீட்டின் வருவாயையுமே காட்டும்.

மாற்றக்கூடிய காரணிகளும் உள்ளன. 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் மாத்திரை சில மாதங்களையே கூட்டுகிறது. முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் மூச்சுக்கருவியோ, 2006-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், தொண்டைத் தசைகள் பெரிதும் தளராதவர்களுக்கு இடைநிலை ஆயுளை 205 நாள் நீட்டியது. உடல் எடை குறையாமல் காப்பதும் இன்றியமையாதது.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. இவ்விரண்டையும் இணைத்து, இந்நோயரின் எடையையும் மூச்சளவையும் சில மாதங்களுக்கு ஒருமுறை பதிந்து, தேவைப்படுவோருக்கு மூச்சுக்கருவியை உரிய காலத்தில் வழங்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.