தவிடு போன வழி: கொழும்பு வீடுகளில் சப்பாத்தியின் கதை

பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்கும் இடம் ஒருகொடவத்தை. துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்கள் சுங்கப் பரிசோதனைக்காகக் காத்து நிற்கும் முற்றங்கள் இந்தப் பக்கத்தில் உள்ளன. சுற்றியுள்ள தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. இவ்வீடுகளுக்கு ரொட்டி அன்றாட உணவு. ஆயினும் அந்த ரொட்டிக்கான கோதுமையில் ஒரு மணிகூட இந்த மண்ணில் விளைந்ததல்ல. முழுவதும் கப்பலில் வந்தது.

ரொட்டியில் இரண்டு வகை உண்டு. வெள்ளைக் கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, தட்டிச் சுடுவது ஒன்று. முழுக் கோதுமையை அரைத்த ஆட்டா மாவில் எண்ணெயின்றிச் சுடும் சப்பாத்தி மற்றொன்று. முன்னது எல்லோருக்கும் உரியது. பின்னது பெரும்பாலும், சீனி வியாதி என்று டொக்டர் சொன்ன பிறகே நமது குசினிக்குள் நுழைகிறது. கடையில் அதற்கு விலையும் கூட. ஒரே தானியத்தின் இரு மாக்களில், தவிடு நீக்கியது ஏழையின் மாவாகவும் நீக்காதது நோயாளியின் மாவாகவும் ஆனது எப்படி என்பதே நமது கேள்வி.

சப்பாத்தி கொழும்புக்குப் புதியதல்ல. குஜராத், கத்தியவார் பகுதிகளிலிருந்து வந்து புறக்கோட்டையில் வணிகம் செய்த போராக்களும் மேமன்களும் அதைத் தம்முடன் கொண்டு வந்தனர். ஆனால் அது அவர்களது வீட்டு உணவாகவே இருந்தது. சோனகர் குசினி அரிசியை நம்பியது. இடியப்பம், பிட்டு, ஆப்பம் எல்லாம் அரிசி மாவில்தான். சாதாரண மக்கள் கோதுமையை அதிகம் கண்டது பேக்கரிப் பாணில். 'பாண்' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது.

இந்நிலையை மாற்றியது யுத்தம். 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியபோது, இலங்கைக்கு அரிசி வந்த பிரதான வழி அடைபட்டது. பங்கீட்டு முறை வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா கொடுக்கப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னும் அந்தப் பழக்கம் முடியவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும், ஓகஸ்ட் 12 அன்று நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்ததும் பலரும் அறிந்த வரலாறு. பின்னர் அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கீழும் மா வந்து இறங்கியது. 'அமெரிக்கன் மா' என்ற பெயர் நம்மவர் நாவில் நிலைத்தது இப்படித்தான்.

வந்ததெல்லாம் வெள்ளை மா என்பதற்குக் காரணம் உண்டு. கோதுமை மணியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு தவிடு. மிகச் சிறிய பங்கு முளை. எஞ்சியது மாச்சத்து நிறைந்த உட்பகுதி. முளையில் எண்ணெய் இருப்பதால் முழு மா விரைவில் காறிப் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹங்கேரியிலிருந்து பரவிய உருளை ஆலைகள் தவிட்டையும் முளையையும் சுத்தமாகப் பிரித்தெடுத்தன. அந்த மா நீண்ட கப்பற் பயணத்தையும் பண்டகசாலையையும் தாங்கியது. வணிகத்துக்கு வசதியான மாவே மக்களுக்கு வழக்கமான மாவானது.

1977இல் சிங்கப்பூரின் பிரீமா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டு, 1980இல் திருகோணமலை சீனக்குடாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. ஒப்பந்தத்தின்படி கோதுமையை அரசு கொடுக்கும். ஏறத்தாழ முக்கால் பங்கு மாவாக அரசுக்குத் திரும்பும். தவிடு முதலான எஞ்சியவை அரைப்புக் கூலியாக ஆலையிடமே தங்கும். தவிடு கால்நடைத் தீவனத்துக்குப் போகும் பொருள். நார்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் செறிந்த பகுதியைக் கூலியாகக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை மக்களின் தட்டில் வைத்தோம். இதில் எவரும் சதி செய்ததாகச் சொல்வதற்கில்லை. மலிவாக மா வேண்டியிருந்தது. மலிவுக்குக் கொடுத்த விலையை அப்போது யாரும் கணக்கிடவில்லை.

இங்கே நமது மரபிலுள்ள ஒரு செய்தியை நினைவுகூர்தல் தகும். நபி (ஸல்) அவர்களது காலத்தில் சல்லடை இருந்ததா என்று ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது புகாரியில் பதிவாகியுள்ளது. வாற்கோதுமையை அரைத்து, ஊதி, பறப்பது பறந்த பின் மீதியைப் பிசைந்து உண்ட விபரத்தை அவர் கூறுகிறார். சலிக்காத மாவின் ரொட்டி அந்தத் தலைமுறையின் சாதாரண உணவு. நாமோ அதை மருந்துச் சீட்டில் தேடுகிறோம்.

வீட்டில் சப்பாத்தி கல்லாகிறது என்று குறைப்படுவோர் பலர். வெள்ளை மாவைப் பிசைந்த கைப்பழக்கத்தில் ஆட்டாவைப் பிசைவதே இதற்குக் காரணம். தவிடு தண்ணீரை மெதுவாகவும் கூடுதலாகவும் குடிக்கும். இந்திய சக்கி ஆலையில் கல்லிடை அரைபடும் மாவில் மாச்சத்து மணிகள் உடைவதால் அது இன்னும் அதிகம் குடிக்கும். எனவே மா கையில் சற்று ஒட்டும் பதத்துக்குத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட வேண்டும். சமமாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த தாச்சியில் இடவேண்டும். சூடு போதாவிட்டால் உப்புவதற்கு முன்பே காய்ந்து விறைத்துவிடும்.

2022ஆம் ஆண்டு இன்னொரு பாடத்தையும் தந்தது. டொலர் இன்றி நாடு தவித்த அவ்வாண்டில், மே 13 அன்று இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. ஓகஸ்ட்டில் ஆட்டா உள்ளிட்ட மா வகைகளுக்கும் தடை வந்தது. வெள்ளை மாவின் விலையும் பாணின் விலையும் ஏழைக்கு எட்டாமல் ஏறின. எந்த மாவாக இருந்தாலும் பிறர் துறைமுகத்தை நம்பியே நமது அடுப்பு எரிகிறது என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது.

இன்று உள்ளூர் ஆலைகளும் ஆட்டா மா விற்கின்றன. கோதுமையை நாம் விளைவிக்க முடியாது. ஆனால் இறக்குமதியாகும் மணியில் எவ்வளவு நமது தட்டுக்கு வரவேண்டும் என்பதை இங்கேயே தீர்மானிக்கலாம். வரியிலும் விலையிலும் முழு மாவுக்குச் சலுகை கேட்பது நியாயமான கோரிக்கை. ஒருகொடவத்தைத் தோட்டத்து உம்மா, வீட்டில் ஒருவருக்கு நோய் வரும்வரை காத்திராமல் அந்த மாவை வாங்கக் கூடியதாக இருக்க வேண்டும்.