எழுவாய்–பயனிலை இயைபு

எழுவாயின் திணை, பால், எண், இடத்துக்கு ஏற்பப் பயனிலை அமைவது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இதைப் பேசிவிடுகிறது; நன்னூல் பிழையை வழு என்றும், காரணத்தோடு ஏற்கப்படுவதை வழுவமைதி என்றும் பிரிக்கிறது. பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்கு வினை பெரும்பாலும் மாறுவதில்லை: ஆரணிக்குள் ஒரு லாரி வந்தாலும் பத்து வந்தாலும் ‘வந்துச்சு’தான். ஆங்கிலம் அப்படி விடாது. கும்மிடிப்பூண்டி ஆலையொன்றின் மின்னஞ்சலில் ‘தி பாக்ஸ் ஆஃப் போல்ட்ஸ் ஹேவ் அரைவ்டு’ என்றிருந்தால், எழுவாய் பெட்டி, ‘ஹேஸ்’ வேண்டும். பக்கத்தில் நிற்கும் ‘போல்ட்ஸ்’ வினையைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் சறுக்கும் இடம்தான் இது. ‘ஆஃப் போல்ட்ஸ்’ என்பதை விரலால் மறைத்துப் படித்தால் பிழை தெரியும். திருத்தியும் வாக்கியம் உறுத்தினால், ‘தி போல்ட்ஸ் ஹேவ் அரைவ்டு’ என்று எழுவாயையே மாற்றிவிடுவது மேல்.