மணப்பாட்டுக் கரையும் மதுரைச் சபையும்



ஏரும் காளையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கடல் நமக்குத் தொலைவு. என்றாலும் மதுரையில் திருப்பலிக்குத் தொடக்கத்தில் கூடியவர்கள் கடற்கரைக்காரர்கள்தாம். முத்துக்குளித்துறையிலிருந்து இங்கே வந்திருந்த பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனிக்கவே 1595-இல் இயேசு சபைத் தந்தை கொன்சாலோ பெர்னாண்டஸ் மதுரைக்கு வந்தார். இராபர்ட் தெ நொபிலி வந்தது 1606-இல். மதுரை மறைபரப்பு வரலாற்றை நொபிலியிலிருந்தே தொடங்கிவிடுகிறோம். அந்தப் பதினோர் ஆண்டுகளை இரண்டு வரியில் கடந்துவிடுகிறோம். அது நியாயமில்லை.

அவர்களுடைய ஊர்களில் ஒன்று மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலுக்குள் நீளும் மணற்குன்றின்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோவில் நிற்கிறது. கீழே தூய சவேரியார் தங்கிய குகை. உள்ளே ஒரு கிணறு. அலை அடிக்கும் இடத்தில் குடிக்கத்தக்க தண்ணீர்! ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் பனையோலையில் பெட்டி முடைவார்கள். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு எங்கிருந்தாலும் ஊர் வந்து சேருவார்கள்.

1535 முதல் 1537 வரை இக்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆனால் செபம் சொல்லித்தர ஆளில்லை. 1542-இல் வந்த சவேரியார், இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார்.

1544 ஜூன் மாதம். வடுகர் படை கரையூர்களுக்குள் புகுந்தது. குமரிமுனைப் பக்கத்து மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் போய் ஒளிந்தார்கள். வெயில், பசி, தாகம். சிலர் அங்கேயே இறந்தார்கள். செய்தி கேட்டதும் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். தென்மேற்குக் காற்றுக் காலம். கடலோடிகளுக்குத் தெரியும் அதன் வலிமை. துடுப்புப் போட்டும் தோணி நகரவில்லை. திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு கரைவழியே நடந்தே போய் அவர்களைக் கண்டார்.

அந்த நாட்களில் உடன்பணியாளர் மன்சிலாஸுக்குக் கடிதம் எழுதினார். பாறையில் தவிப்பவர்களுக்கு ஒவ்வோர் ஊர்ப் பட்டங்கட்டியும் உதவி அனுப்ப வேண்டும் என்று கேட்டார். கூடவே இன்னொன்றும் எழுதினார்: ஏழைகளை நெருக்கிப் பிரிக்க வேண்டாம், மனமுவந்து கொடுப்பவர்களிடம் மட்டும் வாங்குங்கள்.