மறுமொழி எண்களின் வரலாறு

வினா ஒன்று விடுக்கப்பட்டவிடத்து மறுமொழி வருதல் வேண்டும். வாராவிடின், வாராமைக்குரிய காரணமேனும் புலப்படல் வேண்டும். மனிதர் தம்முள் நடத்தும் உரையாடலுக்கு மட்டுமன்றி, இயந்திரங்கள் தம்முள் நடத்தும் உரையாடலுக்கும் இஃது இன்றியமையாததாகும். கொட்டாஞ்சேனையிலுள்ள ஒருவர் தம் கணினியில் இணைய முகவரி ஒன்றைத் தட்டியவுடன், கடல் கடந்த நாட்டிலுள்ள வழங்கிக் கணினி ஒன்றுக்கு வேண்டுகோள் செல்கின்றது. அங்கிருந்து மீளும் மறுமொழியின் தொடக்கத்திலே மூன்றிலக்க எண் ஒன்று நிற்கும். படிப்போர் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. எனினும், தொடர்ந்து வருவது கேட்ட பொருள்தானா, அன்றிப் பிழைச் செய்தியா என்பதை உணர்த்துவது அவ்வெண்ணேயாம்.

தொடக்கத்தில் இவ்வெண் இருந்ததில்லை. சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணஸ்-லீ வகுத்த எச்.ரி.ரி.பி. நெறிமுறையின் 1991ஆம் ஆண்டு வடிவத்தில், மறுமொழி என்பது ஆவணம் மட்டுமே. பிழை நேர்ந்தவிடத்து, பிழையை விளக்கும் வாசகமும் ஆவணத்தைப் போலவே வந்து சேர்ந்தது. இரண்டுக்குமுள்ள வேற்றுமையை மனிதர் படித்தறியலாம். இயந்திரம் அறிய வழியில்லை. இக்குறை விரைவில் உணரப்பட்டது. கோப்புப் பரிமாற்றத்துக்கென 1970களிலும், மின்னஞ்சலுக்கென 1982இலும் வகுக்கப்பட்ட நெறிமுறைகளில் மூன்றிலக்க மறுமொழி எண்கள் முன்னரே வழங்கின. முதலிலக்கத்தை நோக்கிய மாத்திரத்தே மறுமொழியின் இனத்தை அறியலாம் என்பது அம்முறையின் சிறப்பு. அதனைப் பின்பற்றி 1992இல் வலைக்கும் எண்கள் அமைந்தன. 1996 மே மாதத்தில் வெளியான 1.0 வடிவ ஆவணம் அவற்றை ஒழுங்குபடுத்திற்று. 2இல் தொடங்குவது வெற்றி. 3இல் தொடங்குவது வேறிடம் நாடுக என்னும் குறிப்பு. 4இல் தொடங்குவது கேட்டவரின் பிழை. 5இல் தொடங்குவது விடையளிப்போனின் பிழை. சேர்ன் கூடத்தில் 404 என்னும் இலக்கமுடைய அறை ஒன்று இருந்ததெனவும், 'காணப்படவில்லை' என்னும் எண் அதனால் வந்ததெனவும் கூறப்படும் கதை வெறுங் கட்டுக்கதையே. 1998 ஏப்ரல் 1ஆந் திகதி வேடிக்கைக்காக வெளியிடப்பட்ட ஆவணம் ஒன்றில், கோப்பி வடிக்குமாறு கேட்கப்பட்ட தேநீர்ப் பானை 418 என விடையிறுக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. தேயிலை விளைக்கும் நாட்டினர் இவ்வெண்ணைச் சற்று மதிப்போடு நோக்கலாம்.

எண் பிழையையும் பொறுப்பையும் பிரித்துக் காட்டுகின்றது; எனவே, அதனைச் சரியாக எழுதும் கடமை செயலி இயற்றுவோனைச் சார்ந்தது. 1993இல் தோன்றிய சி.ஜி.ஐ. முறையில், நிரலானது தலைவரிகளையும் ஒரு வெற்று வரியையும் அதன் பின் உடற்பகுதியையும் தானே அச்சிட வேண்டியிருந்தது. நிலையெண்ணைக் குறிப்பிட மறந்தால், வழங்கி தானாகவே 200, அஃதாவது 'நலமே முடிந்தது', என எழுதிவிடும். பின்னர் எழுந்த சட்டகங்கள் இச்சுமையைக் குறைத்தன. 2004இல் வெளிவந்த ரூபி ஒன் ரெயில்ஸ், அமெரிக்க நாட்டுச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் உருவாகி 2005இல் வெளியிடப்பட்ட ஜங்கோ ஆகியவற்றில், நிலையெண், தலைவரிகள், உடல் என்னும் மூன்றும் அடங்கிய ஒரு பொருளாகவே மறுமொழி ஆயிற்று. நிரலில் எவரும் எதிர்பாராத வழு நேர்ந்தால், சட்டகமே அதனைப் பற்றி 500 என்னும் எண்ணுடன் விடுக்கும். ஆயினும் பழைய குறை முற்றாக நீங்கவில்லை. எண் குறிப்பிடப்படாதபோது 200 என்பதே இன்றும் பொது வழக்கு. ஆகவே, உள்ளே 'மன்னிக்கவும், பிழை நேர்ந்தது' என எழுதி, வெளியே 'நலம்' என முத்திரை குத்திய மறுமொழிகள் உலகெங்கும் உலவுகின்றன. இதனைச் சிறு சோம்பல் எனக் கருதுவோர் உளர். பொய்ச்சான்று எனக் கூறுவதே பொருந்தும்.

இவ்வரலாற்றில் கொழும்பு நகருக்குத் தனியிடம் உண்டு. வலைச்சேவைகளின் விவரண மொழியை 2001இல் வகுத்த நால்வருள் ஒருவரான சஞ்சீவ வீரவரண, 2003இல் லங்கா மென்பொருள் மன்றத்தை நிறுவினார். 2004 ஓகஸ்ற் மாதத்தில் அப்பாச்சி அமைப்பின் அக்சிஸ் திட்டத்தினர் கொழும்பிலே கூடி, அக்சிஸ்-2 என்னும் புதிய கட்டமைப்புக்கு வித்திட்டனர். அதன் 1.0 பதிப்பு 2006 மே மாதத்தில் வெளியாயிற்று. முந்திய அக்சிஸ், வேண்டுகோள் விடுத்தவன் விடை வரும்வரை காத்து நிற்பதையே இயல்பாகக் கொண்டிருந்தது. அக்சிஸ்-2 அந்நிலையை மாற்றிற்று. விடை வேண்டாத செய்தியாயின் 202, அஃதாவது 'ஏற்றுக்கொள்ளப்பட்டது', என்னும் எண் மட்டும் உடனே செல்லும். விடை வேண்டியதாயின் அது பின்னர் வேறொரு வழியாகவும் வந்து சேரலாம். பதிவுத் தபாலுக்கு ஏற்புச் சீட்டு முதலிலும், கடிதத்துக்குரிய விடை சில நாட் கழித்தும் வருவதை இஃது ஒக்கும். பெற்றுக்கொள்ளலும் விடையளித்தலும் வெவ்வேறு செயல்கள் என்பதை நிரலின் அமைப்பிலேயே பொறித்தமை இதன் பெருமை.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அடுத்த சில வாரங்களில் அதே மன்றத்தைச் சூழ்ந்த தன்னார்வலர்கள் பி.எச்.பி. மொழியில் 'சஹானா' என்னும் இடர் முகாமைச் செயலியை இயற்றினர். காணாமற் போனோர் பதிவேடு அதன் உறுப்புக்களுள் ஒன்று. இத்தகைய பதிவேட்டிலே மறுமொழி எண் வெறும் நுட்பச் செய்தியன்று. தன் பிள்ளையின் பெயரைத் தேடும் தாய்க்கு, 'அப்பெயர் பதிவேட்டில் இல்லை' என்பது ஒரு விடை; 'பதிவேடு இப்போது இயங்கவில்லை, சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்க' என்பது முற்றிலும் வேறொரு விடை. முன்னையதற்கு 404, பின்னையதற்கு 503. இரண்டையும் ஒன்றாக மயக்கும் நிரல், உள்ள நம்பிக்கையைக் காரணமின்றிக் கெடுக்கும்.

2005இல் வீரவரண நிறுவிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்திலிருந்து 2017இல் வெளிவந்த பலரினா என்னும் நிரல்மொழி, இம்மயக்கத்தை மொழியிலக்கணத்தாலேயே தடுக்க முயல்கின்றது. செயற்கூறு பிழையைத் திருப்பினால் 500. எதையுந் திருப்பாவிடின் 202. பயனர் விவரம் அல்லது 'காணப்படவில்லை' என இரண்டிலொன்றே விடையாகலாம் என முன்னரே அறிவிக்கவும் இயலும். சொல்லாத ஒன்றை வெற்றியெனக் கொள்ளும் பழைய வழக்குக்கு இது நல்ல மாற்று.

எண்கள் இத்துணைச் செம்மையுற்ற பின்னரும், விடையே வாராத நாட்கள் வந்தன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று காலை, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் தேவாலயத்திலும் பிறவிடங்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொய்ச் செய்தி பரவுவதைத் தடுத்தற்பொருட்டெனக் கூறி, அரசு அன்றே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், யூரியூப் முதலியவற்றை முடக்கியது; மாத இறுதியிலேதான் தடை நீங்கிற்று. உறவினர் உயிரோடுள்ளாரா என அறியத் தவித்த கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை மக்களின் செய்திகள் வழியிலேயே நின்றன. வதந்தி கலவரமாக வெடிக்கலாம் என்னும் அச்சம் ஆதாரமற்றதன்று. முந்திய ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண்டி மாவட்டம் அதனைக் கண்டிருந்தது. ஆயினும், வதந்தியை மறுக்கும் உண்மைக்கும் அதே வழி அடைபட்டது என்பதை மறத்தலாகாது.

சட்டத்தின் பெயரால் மறுக்கப்படும் பக்கத்துக்கென ஓரெண் அப்போது இல்லாமலில்லை. ரிம் பிறே 2012இல் முன்மொழிந்த 451 என்னும் எண் 2016 பெப்ரவரியில் முறைப்படி வெளியிடப்பட்டிருந்தது. நூல்களை எரிக்கும் அரசைப் பற்றி ரே பிராட்பரி 1953இல் வெளியிட்ட புதினத்தின் தலைப்பிலிருந்தே அவ்வெண் எடுக்கப்பட்டது. தடையை நடைமுறைப்படுத்துவோர் யாவர் என்பதைத் தனித் தலைவரியில் குறிக்கவும் அவ்விதி இடமளிக்கின்றது. எனினும், இக்காலத்து உரையாடல்கள் மறைகுறியாக்கப்பட்டவை. இடையில் நிற்கும் இணையச் சேவை நிறுவனம் உண்மை வழங்கியின் பெயரால் மறுமொழி எழுத இயலாது. பாதையை அடைப்பதொன்றே அதனாற் கூடும். அதனால் தடையுண்டவருக்குக் கிடைப்பது எண்ணன்று. முடிவில்லாது சுழலும் வட்டமேயாம். தம் கருவி பழுதோ, இணைப்பு அறுந்ததோ, அரசு தடுத்ததோ என அவர் அறியார்.

2022 ஏப்ரல் 3ஆந் திகதி பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சமூக ஊடகங்களை மீண்டும் முடக்கிற்று. அன்று மாலைக்குள் தடை நீக்கப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் எச்.ரி.ரி.பி. நெறிமுறையின் பொருளிலக்கணம் புதிதாகத் தொகுத்து வெளியிடப்பட்டபோது, பழைய ஐந்து வகுப்புக்களும் மாற்றமின்றி இடம்பெற்றன.