மறைமுகத் தேர்தல் விளம்பரம் (இந்தியா)

பணம் கொடுத்தவர் யார் என்று காட்டாமல், செய்தியின் வடிவிலோ சமூக ஊடகப் பதிவின் வடிவிலோ வாக்காளரைச் சென்றடையும் தேர்தல் பிரசாரம். அச்சு ஊடகத்தில் இது ‘பெய்டு நியூஸ்’ எனப்படும்.

இவ்வழக்கம் எப்போது தோன்றியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் செய்தித்தாள்கள் வணிகமயமானதன் விளைவு என்பது ஒரு சாரார் கருத்து. நிருபர்களுக்குக் ‘கவர்’ (பணம் வைத்த உறை) கொடுக்கும் பழக்கம் அதற்கும் முந்தையது என்பது மற்றொன்று. முதலாவது சரியென்றாலும், இரண்டாவதைப் புறந்தள்ள முடியாது. ஒழுங்குமுறையைப் பொறுத்தவரை, தொலைக்காட்சி, கேபிள் வழி அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்று பெற வேண்டும் என 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலே இத்துறையில் மிக விரிவாகப் பதிவான நிகழ்வு. அப்போதைய முதல்வர் அசோக் சவாண் நாந்தேடு மாவட்டத்தின் போகர் தொகுதியில் போட்டியிட்டார். பிரசாரக் காலத்தில் அவரைப் புகழ்ந்து மராத்தி நாளிதழ்களில் பக்கம் பக்கமாகக் கட்டுரைகள் வந்தன. அவற்றுள் சில ‘அசோக் பர்வ’ என்ற தலைப்பிலான இணைப்பாகவே அச்சாயின. ‘தி இந்து’வில் பி. சாய்நாத் இவற்றைத் தொகுத்து எழுதியபோது 47 முழுப்பக்கங்கள் எனக் கணக்கிட்டார். பின்னர் அந்த எண் கூடியது. ஒன்றோடொன்று போட்டியிடும் மூன்று நாளிதழ்களில் ஒரே கட்டுரை சொல் மாறாமல் வந்திருந்ததையும் அவர் சுட்டினார். சவாண் தாக்கல் செய்த செலவுக் கணக்கில் செய்தித்தாள் விளம்பரத்துக்குக் காட்டப்பட்ட தொகை ரூ. 5,379, கேபிள் விளம்பரத்துக்கு ரூ. 6,000. அந்த 379 ரூபாயைக்கூட விடாமல் எழுதிய கணக்கு அது. பணம் கொடுக்கவில்லை என்று சவாண் மறுத்தார். கட்டுரைகளைத் தாமாகவே வெளியிட்டோம் என்பது நாளிதழ்களின் விளக்கம்.

இந்தியப் பத்திரிகை மன்றம் அமைத்த, பரஞ்சோய் குஹா தாகுர்தாவும் கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டியும் அடங்கிய துணைக்குழு 2010இல் 71 பக்க அறிக்கை அளித்தது. மன்றம் பெயர்களைத் தவிர்த்த சுருக்கத்தையே வெளியிட்டது. முழு அறிக்கை வெளிவர, 2011இல் மத்தியத் தகவல் ஆணையம் தலையிட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில், உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்கீழ் தேர்தல் ஆணையம் மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்தது. 2007 தேர்தலில் செய்தி வடிவில் வந்த விளம்பரத்துக்கான ரூ. 21,250 அவர் கணக்கில் இல்லை. சவாணுக்கு எதிராக 2014 ஜூலையில் ஆணையம் எடுத்த முடிவை டெல்லி உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. மத்தியப் பிரதேசத்தின் நரோத்தம் மிஸ்ரா மீதான 2017 தகுதி நீக்கமும் மறு ஆண்டே அங்கு ரத்தானது. வாங்கியவரும் கொடுத்தவரும் ரசீது வைத்திராத பரிமாற்றத்தை நிரூபிப்பது கடினம். பெய்டு நியூஸைத் தேர்தல் குற்றமாக்க ஆணையமும் சட்ட ஆணையமும் செய்த பரிந்துரைகள் சட்டமாகவில்லை.

சமூக ஊடகப் பிரசாரம் 2013 அக்டோபரில் ஆணைய விதிகளுக்குள் வந்தது; வேட்பாளர் தம் கணக்குகளை வேட்புமனுவுடனான உறுதிமொழிப் பத்திரத்தில் குறிப்பிட வேண்டும். ஆதரவாளர் பெயரில் இயங்கும் பக்கங்களுக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது தெளிவில்லை. 2019 ஏப்ரல் 1 அன்று ஃபேஸ்புக், காங்கிரஸின் ஐ.டி. பிரிவைச் சேர்ந்தவர்களுடன் தொடர்புடையவை எனக் கூறி 687 பக்கங்களையும் கணக்குகளையும் நீக்கியது. சில்வர் டச் என்ற நிறுவனத்துடன் தொடர்புடைய 15 கணக்குகளும் பக்கங்களும் அன்றே நீக்கப்பட்டன. எண்ணிக்கையில் முதலாவது பெரிது. ஆனால் பின்தொடர்ந்தவர்கள் அங்கு சுமார் 2 லட்சம், இங்கு சுமார் 26 லட்சம்.

2024இல், மறைந்த மு. கருணாநிதி பேசுவது போன்ற காணொலியும் ஜெயலலிதா குரலிலான பதிவும் தமிழ்நாட்டில் வெளிவந்தன. இரண்டும் செயற்கை நுண்ணறிவில் உருவானவை என்பது ஒளிக்கப்படவில்லை. ஆகவே இத்தலைப்பில் சேருமா என்பது ஐயம். போலிப் பதிவுகளைக் கட்சிகள் தகவல் கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என அவ்வாண்டு மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியது. வேட்பாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அவருக்காகப் பிறர் செலவிட்டால் விதிக்கப்படும் அபராதத்தின் உச்சவரம்பு, பாரதிய நியாய சன்ஹிதாவில் ரூ. 500இலிருந்து ரூ. 10,000 ஆக உயர்ந்துள்ளது.